கடலில் போகிறவருக்குக் கரையிலேயே பார்க்க வேண்டிய வைத்தியம்

கப்பல் உத்தியோகம் என்றால் நம் பக்கத்தில் ஒரு தனி மதிப்புத்தான். பெண் பார்க்கிற இடத்தில், "மாப்பிள்ளை கப்பலில் இருக்கிறார்" என்று சொல்லிவிட்டால் போதும், பெண்ணைப் பெற்றவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். கை நிறையச் சம்பளம். ஆறு மாதமோ ஒன்பது மாதமோ வேலை, பிறகு இரண்டு மூன்று மாதம் வீட்டோடு இருக்கலாம். கடலூர் முதுநகர்த் துறைமுகத்திலிருந்து பரங்கிப்பேட்டை வரைக்கும் கடலை நம்பிப் பிழைத்த ஜனங்கள் நிறைந்த பகுதி இது. அந்தக் காலத்தில் சரக்கோடு போனார்கள். இன்றைய பிள்ளைகள் ஐ.டி.ஐ., டிப்ளமா என்று படித்துவிட்டு, சென்னைக்கோ மும்பைக்கோ போய்க் கப்பல் ஏறுகிறார்கள்.

அவர்களை அனுப்பிவிட்டு நாம் எதற்குப் பயப்படுகிறோம்? புயலுக்கு! டி.வி.யில் "காற்றழுத்தத் தாழ்வு" என்று சொன்ன உடனே சாமி விளக்கில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றுகிறோம். அந்தப் பயம் பொய்யில்லை. 2012-ஆம் வருஷம் அக்டோபர் 31-ஆம் தேதி நிலம் புயல் அடித்தபோது, 'பிரதிபா காவேரி' என்ற எண்ணெய்க் கப்பல் சென்னை பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் தரை தட்டியது பலருக்கு ஞாபகம் இருக்கும். அதில் 37 பேர் இருந்தார்கள். உயிர்காப்புப் படகில் இறங்கியவர்களின் படகு கவிழ்ந்து ஆறு பேர் மாண்டு போனார்கள். மீனவர்கள் கடலில் குதித்துப் பலரைக் கரை சேர்த்தார்கள். அந்தக் கப்பலில் பல நாளாகவே உணவுக்கும் தண்ணீருக்கும் தட்டுப்பாடு இருந்தது என்றும், சம்பள பாக்கி என்றும் பிறகு செய்தி வந்தது.

அது நம் கண்ணெதிரே, கரையோரம் நடந்தது. அதனால் ஊரெல்லாம் தெரிந்தது. ஆனால், கப்பல்காரர்களின் உயிரை அதிகமாக எடுப்பது புயல் இல்லை என்றால் நம்புவீர்களா? 2023-ஆம் வருஷத்தில் கப்பலில் நேர்ந்த மரணங்களைப் பற்றி 51 நாடுகள் கொடுத்த கணக்கை சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வெளியிட்டது. மொத்தம் நானூறுக்குச் சற்று மேல். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு, அதாவது எல்லாக் காரணங்களிலும் முதல் இடத்துக்கு, வந்து நிற்பது சாதாரண வியாதி! மாரடைப்பு, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு என்று நம் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்திருக்கிற வியாதிகள் கடலிலும் கூடவே போகின்றன. கப்பலிலிருந்து தவறிக் கடலில் விழுவது இரண்டாவது இடத்தில் இருக்கிறது.

புயலை நம்மால் தடுக்க முடியாது. வியாதியை? பெட்டி கட்டுவதற்கு முன்னாலேயே பாதி தடுத்துவிடலாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எலுமிச்சம்பழமும் புழுங்கலரிசியும்

கப்பலும் வியாதியும் இன்று நேற்று சேர்ந்தவை இல்லை. 1498-இல் கள்ளிக்கோட்டைக்கு வந்து இறங்கிய வாஸ்கோடகாமாவைப் பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அவரோடு புறப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஊர் திரும்பவில்லை. பெரும்பாலும் காரணம் 'ஸ்கர்வி' என்ற நோய். ஈறு வீங்கி ரத்தம் கசியும், பல் ஆடும், பழைய காயம்கூட மறுபடி திறந்து கொள்ளும். மாதக்கணக்கில் பச்சைக் காய் கனி இல்லாமல் உப்பிட்ட இறைச்சியும் உலர்ந்த ரொட்டியும் தின்றதன் பலன்.

1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற ஸ்காட்லாந்துக் கப்பல் வைத்தியர், நோயில் கிடந்த 12 பேரை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொரு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர்தான் சீக்கிரம் எழுந்து நடமாடினார்கள். கண்ணுக்கு நேரே தெரிந்த மருந்து! அப்படியும் ஆங்கிலக் கடற்படை தன் மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு கொடுக்கத் தீர்மானிக்க 1795 ஆகிவிட்டது. அதற்குள் எத்தனை வீட்டில் விளக்கு அணைந்ததோ!

அடுத்தது 'பெரிபெரி'. இது நம்மைப் போல அரிசி சாப்பிடுகிறவர்களைத் தேடி வந்த நோய். கால் மரத்துப் போகும், உடம்பு வீங்கும், கடைசியில் இதயம் நின்றுவிடும். 1882-83-இல் 'ரியூஜோ' என்ற ஜப்பானியப் பயிற்சிக் கப்பல் நீண்ட பயணம் போய் வந்தது. 376 பேரில் 169 பேருக்குப் பெரிபெரி. 25 பேர் இறந்தார்கள். டகாகி என்ற கடற்படை டாக்டர், "சாப்பாட்டில்தான் கோளாறு" என்று சொல்லி, 1884-இல் அதே வழியில் போன இன்னொரு கப்பலில் வெள்ளையரிசியைக் குறைத்து, இறைச்சி, பார்லி என்று மாற்றிக் கொடுக்க வைத்தார். அந்தப் பயணத்தில் பெரிபெரியால் ஒருவர்கூடச் சாகவில்லை. நன்றாகத் தீட்டிய அரிசியில் தவிட்டோடு 'பி1' வைட்டமினும் போய்விடுகிறது என்ற விவரமெல்லாம் பின்னால்தான் தெரிய வந்தது. நெல்லை வேகவைத்துக் காயவைக்கும்போது அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிக் கொள்கிறது. நம் பாட்டிமார்கள் புழுங்கலரிசி, வடித்த கஞ்சி என்று விடாப்பிடியாக இருந்ததில் அர்த்தம் இல்லாமல் இல்லை, பாருங்கள்.

அந்நாளில் ஆங்கிலேயர் கப்பலில் வேலை செய்த நம் நாட்டு மாலுமிகளுக்கு 'லஸ்கர்' என்று பெயர். நம் ஜில்லாவில் ஏரி மதகைத் திறந்து மூடுகிற ஊழியரையும் லஸ்கர் என்றுதானே சொல்கிறோம், அதே சொல்தான். குளிர் தாங்கும் துணியில்லாமல் லண்டனில் இறங்கி, திரும்பி வரக் கப்பல் கிடைக்காமல், நோயில் விழுந்து தெருவில் கிடந்தவர்கள் ஏராளம். அவர்களைப் போன்றவர்களுக்காக 1857-இல் அங்கே ஒரு விடுதி திறந்தார்கள். உஷ்ணப் பிரதேச வியாதிகளைப் படிப்பதற்கென்று லண்டனில் 1899-இல் ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கினார்களே, அதைத் தொடங்கிய இடமே கப்பல் துறையிலிருந்த மாலுமிகள் ஆஸ்பத்திரிதான். மாலுமிகளின் நோயைப் பார்த்துத்தான் வைத்தியர்கள் பாடம் படித்தார்கள்.

கப்பலில் டாக்டர் உண்டா?

"இத்தனை பெரிய கப்பல்! டாக்டர் இருக்க மாட்டாரா?" என்று கேட்பீர்கள். இருக்க மாட்டார்! நூறு பேருக்கு மேல் ஏறிக்கொண்டு மூன்று நாளுக்கு மேற்பட்ட வெளிநாட்டுப் பயணம் போகிற கப்பலில்தான் டாக்டர் கட்டாயம். சரக்குக் கப்பலில் மொத்தமே இருபது, இருபத்தைந்து பேர். அங்கே மருந்துப் பெட்டி ஒன்று இருக்கும். ஊசி போட, கட்டுப் போட, தையல் போடப் பயிற்சி பெற்ற அதிகாரி ஒருவர் இருப்பார். அவ்வளவுதான்.

பெரிதாக ஏதாவது என்றால் கரையிலுள்ள டாக்டரிடம் ரேடியோவிலோ சாட்டிலைட் போனிலோ கேட்பார்கள். இத்தாலியில் ரோமாபுரியிலுள்ள ஒரு நிலையம் 1935-லிருந்து எந்த நாட்டுக் கப்பலானாலும் காசு வாங்காமல் இப்படி ஆலோசனை சொல்லி வருகிறது. ரேடியோவைத் தந்த மார்க்கோனிதான் அதற்கு முதல் தலைவர். நம் கடற்பகுதியில் ஆபத்து என்றால் உதவிக்கு வர, கடலோரக் காவல் படையின் மீட்பு மையம் சென்னையில் இருக்கிறது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். மாரடைப்பு வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி என்று இங்கே சொல்கிறார்கள். நடுக்கடலில் ஹெலிகாப்டர் எட்டாத தூரத்தில் இருந்தால், கப்பலைத் திருப்பிக் கரை சேர இரண்டு மூன்று நாள்கூட ஆகும். ஆகவேதான், கப்பலில் வந்தபிறகு பார்த்துக் கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மறைத்து வைத்த மாத்திரை

எங்கள் குடிகாட்டுக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம். பெயர் வேண்டாம். அவர் எஞ்சின் ரூமில் ஃபிட்டர். நாலு வருஷமாகச் சர்க்கரை. மெடிக்கல் டெஸ்ட்டுக்குப் போகுமுன் ஒரு வாரம் சோற்றைக் குறைத்து, மாத்திரையை ஒழுங்காகப் போட்டு, எப்படியோ தப்பித்துவிட்டார். "உங்களுக்கு என்ன வியாதி?" என்ற கேள்விக்கு "ஒன்றும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. கப்பலில் யார் கண்ணிலாவது பட்டுவிடப் போகிறதென்று மாத்திரையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்.

நாலாவது மாதம், பூட்ஸ் கடித்து ஒரு கொப்புளம். எஞ்சின் ரூம் சூடு, வியர்வை, ஈரம். சர்க்கரை உடம்பு வேறு. புண் அழுகி, வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் இறக்கி, இரண்டு விரலை எடுத்து அனுப்பினார்கள். "வியாதியை மறைத்துச் சேர்ந்தீர்கள், செலவுக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்று கம்பெனி கை விரித்துவிட்டது. அவர் மனைவி என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "நான்தான் அக்கா அந்த மாத்திரையை எடுத்து பீரோவுல வச்சேன். அட்வான்ஸ் வாங்கி வீட்டுக்குக் கூரை போட்டுட்டோம். போகலேன்னா எப்படிக் கட்டுறது?"

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கடனும் கல்யாணமும் கழுத்தை நெரிக்கும்போது யாரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் விவரம் தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டார். அந்த விவரம் இதுதான்.

கப்பல் தொழிலாளருக்கென்று 2006-இல் ஜெனிவாவில் ஒரு சர்வதேச ஒப்பந்தம் நிறைவேறியது. 2013 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது. இந்தியா 2015 அக்டோபரில் அதை ஏற்றுக்கொண்டது. வேலையில் இருக்கும்போது வரும் வியாதிக்கும் காயத்துக்கும் வைத்தியச் செலவு கப்பல் முதலாளியுடையது, இறந்தால் ஈமச் செலவும் அவருடையது என்று அது சொல்கிறது. சட்டத்தில் குறைத்துக் கொள்ள இடமிருந்தாலும் வைத்தியப் பொறுப்பைப் பதினாறு வாரத்துக்குக் கீழே குறைக்க முடியாது. ஆனால், சேரும்போது தெரிந்தே மறைத்த வியாதி என்றால், அந்தப் பொறுப்பிலிருந்து முதலாளிக்கு விலக்கு அளிக்கவும் அதில் இடம் இருக்கிறது! மறைத்த வியாதி உடம்பையும் கெடுக்கும், உரிமையையும் கெடுக்கும்.

இன்னொரு சங்கதி. மாத்திரையில் கட்டுப்பட்டிருக்கிற சர்க்கரைக்காரருக்கெல்லாம் கப்பல் கதவு மூடிவிடுவதில்லை. நிலைமையைப் பார்த்து டாக்டர் குறைந்த காலத்துக்கோ சில நிபந்தனைகளோடோ சர்டிபிகேட் தர வழியிருக்கிறது. சாதாரணமாகச் சர்டிபிகேட் அதிகபட்சம் இரண்டு வருஷம் செல்லும். ஒரு வாரம் சோறு குறைத்து ஏமாற்றுகிற வித்தையும் எப்போதும் பலிக்காது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டுகிற ரத்தப் பரிசோதனை வந்தாயிற்று. மறைக்கச் செலவிடுகிற சாமர்த்தியத்தை, ஆறு மாதம் முன்னாலேயே நோயைக் கட்டுக்குள் கொண்டுவரச் செலவிட்டால் என்ன?

மூடிய தொட்டியும் தனிமையும்

சிப்காட் கம்பெனிகளுக்கு நடுவே குடியிருக்கிற எங்களுக்கு 'டேங்க்' என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சு திக்கென்கும். கப்பலிலும் அதே எமன் இருக்கிறான். நல்ல காற்றில் நூற்றுக்கு 21 பங்கு ஆக்சிஜன். மூடிக்கிடக்கும் இரும்புத் தொட்டியில், துரு பிடிக்கப் பிடிக்க அந்த ஆக்சிஜன் குறைந்துகொண்டே வரும். நிலக்கரி, மரம், தானியம் ஏற்றிய அறையிலும் அப்படியே. நாற்றமும் இருக்காது, புகையும் இருக்காது. இறங்கியவர் சுருண்டு விழுவார். "ஐயோ" என்று காப்பாற்ற இறங்கியவரும் விழுவார். நம் ஊர்க் கழிவுத் தொட்டியிலும் பாழுங்கிணற்றிலும் ஒருவர் பின் ஒருவராகச் சாகிறார்களே, அதே கதைதான். காற்றைக் கருவி வைத்து அளக்காமல், வெளியே ஆள் நிறுத்தாமல் இறங்கக் கூடாது. இதற்காக இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஒத்திகை நடத்த வேண்டும் என்று 2015 ஜனவரி முதல் விதி இருக்கிறது. அந்த ஒத்திகையை "சும்மா சடங்கு" என்று நினைக்க வேண்டாமென்று உங்கள் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

உடம்பைப் போலவே மனசும் நோகும். இருபது பேர், இரவும் பகலும் எஞ்சின் சத்தம், வீட்டில் நல்லது கெட்டது எதற்கும் வர முடியாத நிலை. கொரோனா சமயத்தில் 2020 கடைசியில் சுமார் நான்கு லட்சம் பேர், ஒப்பந்தம் முடிந்தும் கப்பலை விட்டு இறங்க முடியாமல் தவித்தார்கள். 2021 ஏப்ரலில் 'இதால் லிபேரா' என்ற கப்பலின் இத்தாலியத் தலைவர் கொரோனாவில் கடலிலேயே இறந்தபோது, ஒவ்வொரு நாடாக உடலை இறக்க மறுத்துவிட்டன. கடைசியில் கப்பல் இத்தாலிக்கே திரும்பிப் போய்ச் சேர்ந்தது ஜூன் மாதம். கப்பல் தலைவருக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்களைச் சொல்ல வேண்டுமா? இதையெல்லாம் பார்த்துத்தான், இறந்தவர் உடல் ஊர் போய்ச் சேர எல்லாரும் உதவ வேண்டும், ஒவ்வொரு மரணத்தையும் காரணத்தோடு பதிவு செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் திருத்தம் செய்தார்கள். அது 2024 டிசம்பர் 23 முதல் அமலில் இருக்கிறது. குடிதண்ணீர் இலவசமாகத் தர வேண்டும், சாப்பாடு சத்துக் குறையாமல் இருக்க வேண்டும் என்பதும் அதே திருத்தத்தில் உண்டு.

வீட்டில் நாம் செய்ய வேண்டியது

1. மெடிக்கலுக்கு ஆறு மாதம் முன்பே சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பார்த்துவிடுங்கள். நாற்பது தாண்டியவருக்கு இ.சி.ஜி.யும் எடுக்கட்டும். பல் வலியை லேசாக நினைக்காதீர்கள். நடுக்கடலில் பல் வைத்தியர் கிடைக்க மாட்டார்.

2. மாத்திரையைக் கடை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு, ஒப்பந்த காலத்துக்கும் மேலே ஒரு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுத்தனுப்புங்கள். தனியே பொட்டலம் கட்டினால் சில நாடுகளில் சுங்கத்தில் தொல்லை வரும்.

3. ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா பக்கம் போகிறவருக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வேண்டும். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் ஆனபிறகுதான் செல்லுபடியாகும். ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும். மலேரியாவுக்கு ஊசி அங்கே உதவாது, கொசுவிலிருந்து காத்துக் கொள்வதும் டாக்டர் சொல்கிற மாத்திரையும்தான்.

4. பாசத்தில் ஊறுகாய், கருவாடு, அப்பளம் என்று பெட்டியை நிரப்புகிறோம். எல்லாம் உப்பு! ரத்தக் கொதிப்புக்காரருக்கு அது விருந்தில்லை. பருப்புப் பொடியை உப்புக் குறைத்து அரையுங்கள். உப்பில்லாமல் காயவைத்த நெல்லிக்காய், வறுத்த கடலை, கொள்ளு கொடுங்கள். எஞ்சின் ரூம்காரர் தாகம் எடுக்கும் வரை காத்திராமல் தண்ணீர் குடிக்க வேண்டும். இல்லாவிட்டால் சிறுநீரகத்தில் கல் விழும்.

5. ஒரு நாளைக்குப் பத்து மணி நேர ஓய்வு சட்டப்படி உண்டு. துறைமுகத்தில் நிற்கும்போது கரையில் டாக்டரைப் பார்க்கவும் அவருக்கு உரிமை உண்டு. "கேட்டால் தப்பா நினைப்பாங்க" என்று இருந்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

6. போனில் பேசும்போது கடன், சண்டை, மாமியார் மருமகள் வழக்கு எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். அதற்காகப் பொய்யும் வேண்டாம். அவர் பேச்சு குறைந்து, தூக்கம் இல்லை, வெறுத்துப் போச்சு என்றால் அசட்டையாக விடாதீர்கள். 'சீஃபேரர் ஹெல்ப்' என்ற சர்வதேச உதவி எண் இருபத்துநாலு மணி நேரமும் இலவசமாக இயங்குகிறது. குடும்பத்தாரும் அதில் பேசலாம்.

7. ஒப்பந்தத்தின் நகல், கப்பலின் பெயர், ஏழு இலக்க ஐ.எம்.ஓ. நம்பர், ஏஜன்சி விலாசம், வாரிசுதாரர் பெயர் இவையெல்லாம் வீட்டில் ஒரு பைலில் இருக்கட்டும். ஏஜன்சிக்கு மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகம் கொடுத்த லைசென்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். வேலை வாங்கித் தருகிறேன் என்று லட்சம் கேட்கிறவரை வாசலோடு அனுப்புங்கள். வேலைக்குப் போகிறவரிடம் கட்டணம் வாங்குவதே தவறு.

8. கெட்ட செய்தி வந்துவிட்டால், அழுகிற நேரத்தில் யாராவது காகிதம் நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். மரணத்துக்கும் நீண்டகால ஊனத்துக்கும் உரிய நஷ்ட ஈட்டுக்குக் கப்பலில் இன்ஷூரன்ஸ் இருக்க வேண்டும் என்பது 2017 ஜனவரி முதல் விதி. ஒப்பந்தப்படி உள்ள தொகையை முழுசாக, தாமதம் இல்லாமல் தர வேண்டும். குறைத்து வாங்கிக்கொள்ளும்படி நெருக்கக் கூடாது. சென்னையில் உள்ள ஷிப்பிங் மாஸ்டர் அலுவலகத்தையும் மாலுமிகள் சங்கத்தையும் எழுத்து மூலம் அணுகுங்கள்.

கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்று பெரியவர்கள் சொல்வார்கள். கன்னத்தில் கை வைக்கிற நிலைமை வராமல் பார்த்துக் கொள்வது அதைவிட நல்லது அல்லவா? இந்தத் தடவை அவர் கிளம்பும்போது, பீரோவைத் திறந்து ஒரு முறை பாருங்கள். மாத்திரையும் டாக்டர் சீட்டும் அங்கே இருந்தால், எடுத்துப் பெட்டியில் முதலில் வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.